வால் முளைத்த வினைச்சொற்கள்

கசிமிரோவுக்கு ஆங்கிலம் வந்த கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் ஊரில் கிடையாது. அந்த ஆங்கிலத்தால் பதவி கைநழுவிப் போனவள் நான்தான். அதனால் சொல்வதில் கொஞ்சம் காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயின் நாட்டு வடகரையில், சாந்தோஞா துறைமுகத்தில் ஓயுவேலா நெத்திலிக் கம்பெனியில் நான் அப்போது பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்தேன். கீழே நாற்பது பெண்கள் மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து, உப்பில் ஊறிய நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலைத் துடைத்து, முள்ளை உருவி, எண்ணெய் டப்பாவில் அடுக்குவார்கள். மாடியில் நாங்கள் ஐந்து பேர் அந்த டப்பாக்களைப் பற்றிக் காகிதம் எழுதுவோம். வெளிநாட்டு ஆர்டர் எல்லாம் என் மேஜைக்கு வரும். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் பாதி, கடிதம் எழுதி எழுதிப் பழகியது பாதி. இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு பெட்டிகூடத் தப்பான நாட்டுக்குப் போனதில்லை.

கசிமிரோ என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். உள்நாட்டு விற்பனை அவன் பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயதிலும் மடிப்புக் கலையாத சட்டை போடுவான். எந்த மதுக்கடையில் நுழைந்தாலும் கடைக்காரரைத் தோளில் தட்டி, அவருடைய அம்மாவின் முட்டிவலியை விசாரித்து, வெளியே வரும்போது இருபது டப்பா விற்றிருப்பான். அந்தத் திறமையை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இளமையில் ஒரு வருடம் லண்டனில் இருந்ததாகச் சொல்லிக்கொள்வான். அங்கே எப்படி என்று யாராவது கேட்டால், "மழைதான்" என்பான். எங்கள் ஊர்க்காரர்களிடம் மழை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

எல்லாம் ஓர் ஆலோசகரால் ஆரம்பித்தது. முதலாளி தோன் லெயாந்த்ரோ பில்பாவோ நகரத்திலிருந்து அவரை வரவழைத்திருந்தார். அந்த மனிதர் இரண்டு நாள் மெல்லிய காலணியோடு உப்புத்தண்ணீரில் நடந்து பார்த்துவிட்டு, கம்பெனிக்கு ஒரு சர்வதேச முகம் தேவை என்று கண்டுபிடித்தார். ஏற்றுமதி இயக்குநர் என்று ஒரு புதுப் பதவி. அதற்குக் கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை. தகுதி, ஆங்கிலத்தில் சி-1 என்ற உயர்நிலைச் சான்றிதழ். ஒன்றரை வருடத்தில் யார் முதலில் கொண்டுவருகிறார்களோ அவருக்கே நாற்காலி.

நான் முதலாளியின் அறைக்குப் போய், அந்த வேலையைப் பதினோரு வருடமாக நான்தானே செய்கிறேன் என்றேன்.

"நீ எழுதறே லாலி, இல்லைங்கல," என்றார் அவர். "எழுதறது வேற. முகம் வேற."

தோன் லெயாந்த்ரோவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. அதனாலேயே அதன்மேல் அவருக்கு அபார பக்தி. நான் பரீட்சை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோரு வருடம் நீந்தியவளிடம் வந்து நீச்சல் தெரியும் என்று சீட்டு வாங்கி வா என்றால் கோபம் வருமா வராதா? வந்தது. அந்தக் கோபம் எனக்கு என்ன செலவு வைக்கும் என்று அப்போது நான் கணக்குப் போடவில்லை.

கசிமிரோ அன்று மாலையே மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டான்.

அங்கே சொல்லிக்கொடுப்பவர் நைஜல் என்ற ஆங்கிலேயர். எங்கள் ஊருக்கு வந்து ஏழு வருடமாகிறது. எங்கள் மொழியில் வெள்ளை ஒயின் கேட்கத் தெரியும், இன்னொன்று கேட்கத் தெரியும், அதோடு சரி. அவரை யாரும் பரீட்சைக்கு அனுப்பவில்லை. ஆயிரம் ஆங்கிலத் தொடர்கள் அடங்கிய ஒரு நகல் புத்தகத்தை, சுருள் கம்பி கோத்து, அவரே தயாரித்து மாணவர்களிடம் விற்றார். கசிமிரோ ஒரு நகலை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தான். சாப்பாட்டு நேரத்தில் நானும் புரட்டிப் பார்த்தேன். பொறாமையால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் முக்கால்வாசி வால் முளைத்த வினைச்சொற்கள். புட் என்றால் வை. அதோடு ஆஃப் சேர்த்தால் தள்ளிப்போடு. அவுட் சேர்த்தால் நெருப்பை அணை. அப் சேர்த்து, போதாதென்று வித் என்பதையும் சேர்த்தால் சகித்துக்கொள். 'வை', 'மேலே', 'கூட' என்ற மூன்று சொல்லை அடுக்கினால் சகிப்புத்தன்மை எப்படி வரும் என்று நைஜலைக் கேட்டிருக்கிறான் கசிமிரோ. நைஜல் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அது அப்படித்தான் என்றாராம்.

கொடுமை என்னவென்றால், இவை எதுவும் எங்களுக்குத் தேவையே இல்லை. சகிப்பதை நாங்கள் தொலெரார் என்போம். ஆங்கிலத்திலும் டாலரேட் என்று ஒரு சொல் இருக்கிறது. தள்ளிப்போடுவது எங்களுக்குப் போஸ்போனெர், அவர்களுக்குப் போஸ்ட்போன். அணைப்பது எஸ்தின்கிர், எக்ஸ்டிங்விஷ். பாதி அகராதி எங்கள் வீட்டுச் சாமான்தான், கொஞ்சம் வாயைக் கோணினால் போதும். அந்தச் சொற்களைச் சொன்னால் நைஜல் முகம் சுளிப்பார். பாதிரியார் பேசுவதுபோல் இருக்கிறதாம். கடையில், தெருவில், படுக்கையறையில் ஆங்கிலேயர்கள் வால் வைத்துத்தான் பேசுவார்களாம். பரீட்சையிலும் வாலுக்குத்தான் மதிப்பெண்.

கசிமிரோ வால்களைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தான்.

காலையில் என் மேஜையருகே நின்று, தான் சீக்கிரம் கெட் அப் ஆனதாகவும், பால் ரன் அவுட் ஆனதாகவும், மனைவியோடு ஃபால் அவுட் ஆகி, பிறகு மேக் அப் ஆனதாகவும் அறிவிப்பான். அதாவது சண்டை போட்டுச் சமாதானமானார்களாம். மேக் அப் என்றால் உதட்டுச்சாயம் என்று நினைத்திருந்த கணக்குப்பிள்ளை அவனைக் கொஞ்ச நாள் ஒரு மாதிரி பார்த்தார். எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஓர் எ-வை முட்டுக்கொடுக்காமல் எங்கள் யாருக்கும் நாக்குப் புரளாது. இவனும் ஸ்டாண்ட் பை என்பதை எட்டு மாதம் கழித்தும் எஸ்டாண்ட் பை என்றுதான் சொன்னான், ஆனால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். மீன் மேஜைகளுக்குத் தலைவி நாத்தி. நாற்பது பெண்களையும் ஒரு புருவத்தால் மேய்ப்பவள். அவள் அவனைப் பார்த்ததும் கையிலிருக்கும் நெத்திலியை ஆட்டி, இதன் வால் வேண்டுமா, நாங்கள் வெட்டிப் போடுவது கூடை கூடையாக இருக்கிறது என்பாள். கீழே சிரிப்பு மாடிவரை கேட்கும். நானும் சிரித்தேன். அவன் காதில் விழும்படிதான் சிரித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், சதுக்கத்துக் கடையில் கணவாய் வறுவலுக்கு வரிசையில் நின்றபோது அவன் மனைவி பியெதாத் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். வீடு முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறானாம். விளக்குப் பொத்தானில் டர்ன் ஆன், குழாயில் டர்ன் ஆஃப், பீரோவில் புட் ஆன், கழிப்பறைக் கதவில் என்ன எழுதியிருக்கிறான் என்று அவள் சொல்ல மறுத்துவிட்டாள். தூக்கத்திலும் கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் அவே என்று முனகுகிறானாம்.

"நீங்களெல்லாம் சிரிக்கறீங்க, தெரியும்," என்றாள் அவள். "சிரிங்க. ஆனா அவன் லண்டன்ல இருந்தது ஒரு வருஷம் இல்லடி. பத்தொம்பது நாள்."

அவள் சொன்னது இதுதான். இருபத்திரண்டு வயதில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போயிருக்கிறான். தலைமைச் சமையல்காரன் நாள் முழுக்க அவனைப் பார்த்துக் கத்துவானாம். வாஷ் அப், ஹரி அப், கெட் ஆன் வித் இட், க்ளியர் ஆஃப். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக அவன் பள்ளியில் படித்ததுதான். சேர்த்துச் சொன்னால் என்ன என்று விளங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் கெட் அவுட் என்றான் அந்த ஆள். அது மட்டும் விளங்கிவிட்டது. பஸ் பிடித்து நாடு திரும்பியவன், மீதி வருடத்தைப் பக்கத்து நகரமான சந்தாந்தேரில் சித்தி வீட்டில் ஒளிந்து கழித்துவிட்டுத்தான் எங்கள் தெருவில் தலைகாட்டினான்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. வறுவல் கைக்கு வந்ததும் போய்விட்டது.

பதினாலாவது மாதம் கசிமிரோ பரீட்சையில் தேறினான். எழுத்தில் சுமார், பேச்சில் பிரமாதம் என்று தெரிந்தது. ஒரு பரீட்சைக்காரரிடம் எட்டு நிமிடத்தில் இருபத்தாறு வால் வினையும், வானத்திலிருந்து பூனையும் நாயும் விழும் அந்த மழைத்தொடரும் சொல்லி முடித்திருக்கிறான். நைஜலைப் பிற்பாடு மதுக்கடையில் பார்த்தபோது, உங்கள் வீட்டில் உண்மையிலேயே அப்படிச் சொல்வீர்களா என்று கேட்டேன். என் பாட்டன் காலத்தில் சொல்லியிருக்கலாம் என்றார். பிறகு ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றேன். பரீட்சையில் வருகிறது என்றார், இன்னொரு ஒயின் கேட்டார்.

முதலாளி உடனே நாற்காலியைக் கொடுத்துவிடவில்லை. அந்த வாரம் போலந்திலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். கசிமிரோவின் ஆங்கிலத்தை நேரில் கேட்டு அனுபவித்துவிட்டு அறிவிக்க நினைத்தார்.

வந்தவர்கள் இருவர். போஜெனா வில்க் என்ற ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, வார்சாவில் கடைகளுக்கு மீன் வாங்கித் தரும் நிறுவனத்தின் சொந்தக்காரி. கூடவே குறிப்பெடுக்க ஓர் உதவியாளர். போஜெனாவும் நானும் ஆறு வருடமாகக் கடிதத்தில் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே சந்தையில் வாங்கியவை. மீன், விலை, தேதி, நன்றி. நாலு சொல்லில் கடிதம் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் சந்தேகம் இருக்காது.

அந்தக் கோடையில் அவளுக்குப் போன ஒரு சரக்கு வழியில் குளிர்ப்பெட்டி பழுதாகிச் சூடாகிவிட்டது. உப்பு நெத்திலி குளிரிலேயே இருக்க வேண்டிய பண்டம். சூடு பட்டால் ஆளைப் படுக்கவைத்துவிடும். அந்தச் சரக்கை அழித்தாயிற்று. புதுச் சரக்கு எப்போது, நஷ்டத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கத்தான் அவள் நேரில் வந்தாள். விஷயம் அவ்வளவுதான். பதில் சொல்லவும் பெரிய வித்தை வேண்டாம்: சரக்கு திங்கட்கிழமை புறப்படும், இருநூறு பெட்டி இலவசம். முதல் நாளே முதலாளி முடிவு செய்திருந்தார்.

கூட்டத்தில் நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். காகிதங்களை எடுத்துக் கொடுக்க மட்டும்.

கசிமிரோ எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். புதரைச் சுற்றி அடிக்கப்போவதில்லை என்று ஆரம்பித்தான். போஜெனா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள், புதர் எங்கே என்று. சென்ற முறை பிரேக் டவுன் ஆனதை இப்போது சார்ட் அவுட் செய்து, அயர்ன் அவுட் செய்து, அதிலிருந்து பௌன்ஸ் பேக் ஆகிவிட்டோம் என்றான். உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைப் பார்த்தார். முதலாளி கண்ணை மூடித் தலையை ஆட்டினார், பாட்டுக் கச்சேரியில் இருப்பவர் மாதிரி.

பிறகு முக்கியமான வாக்கியம் வந்தது. சரக்கு புறப்படும் என்பதற்கு லீவ் என்ற சின்னச் சொல் போதும். கசிமிரோ அதைத் தொடவில்லை. "தி ஃபிஷ் வில் கோ ஆஃப் ஆன் மண்டே," என்றான். இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம் என்பதற்கு, "அண்ட் வீ வில் த்ரோ இன் டூ ஹண்ட்ரட் பாக்ஸஸ்," என்றான்.

கோ ஆஃப் என்றால் புறப்படுவதும் உண்டு. ஆனால் முப்பது வருடம் மீன் வாங்கி விற்ற ஒருத்திக்கு அந்தச் சொல் ஒரே அர்த்தத்தில்தான் தெரியும்: கெட்டுப்போவது. த்ரோ என்றால் எறிவது என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, அவள் காதில் விழுந்தது இது: மீன் திங்கட்கிழமை கெட்டுப்போகும். இருநூறு பெட்டியைத் தூக்கி எறிவோம்.

போஜெனாவின் முகம் வெளிறியது. திங்கட்கிழமையா, இப்போதே தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள். தன் துல்லியத்தைக் கண்டு வியக்கிறாள் என்று கசிமிரோ நினைத்துக்கொண்டான். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் திங்கட்கிழமைதான், மணி ஒன்பதுக்கு, என்றான்.

இருநூறு மட்டும்தானா எறிவீர்கள் என்று கேட்டாள் அவள்.

பேரம் பேசுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தாராளமாகக் கையை விரித்தான். சரி, உங்களுக்காக முன்னூறு, என்றான்.

மற்றதெல்லாம் என் கடைகளுக்கு வருமா என்றாள்.

பின்னே, நிச்சயமாக, என்றான் கசிமிரோ, மார்பில் கைவைத்து.

அவள் போலிஷில் உதவியாளரிடம் ஏதோ சொன்னாள். அவர் குறிப்பேட்டை மூடினார். இருவரும் கோட்டை எடுத்தார்கள். தோன் லெயாந்த்ரோ இன்னமும் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, சாப்பிடப் போகிறோம் என்று அவர் எண்ணம்.

நான் எழுந்தேன். ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகட்டும், நாசமாகட்டும், எல்லோரும் அனுபவியுங்கள் என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு கீழே இருக்கும் நாற்பது பேர் நினைவுக்கு வந்தார்கள்.

போஜெனாவின் முன்னால் போய் நின்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அதை அப்படியே தமிழில் போட்டால் இப்படி இருக்கும்: "மீன் நல்லது. மீன் குளிர். லாரி திங்கள் போகும். முன்னூறு பெட்டி பரிசு. காசு இல்லை."

"பரிசு?" என்றாள்.

"பரிசு."

"கெட்டது இல்லை?"

"நல்ல மீன். நான் தின்பேன். இப்போ."

மேஜைமேல் இருந்த மாதிரி டப்பாவைத் திறந்து இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவள் கோட்டைக் கழற்றினாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். அவளும் ஒன்றை எடுத்துத் தின்றாள். முன்னூறு என்ற எண்ணை மட்டும் அவள் மறக்கவில்லை. உதவியாளரைக் குறித்துக்கொள்ளச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். கசிமிரோ சிவந்துபோய், அகராதியைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். கோ ஆஃப், இரண்டாவது அர்த்தம், புறப்படு. த்ரோ இன், இலவசமாகச் சேர். அச்சில் இருந்தது. அவன் சொன்னதில் இலக்கணத் தப்பு ஒன்றுகூட இல்லை. நியாயமாகச் சொன்னால் அறையிலேயே தப்பாகப் பேசியவள் நான்தான்.

தோன் லெயாந்த்ரோ அகராதியை வாங்கி, புரியாத பக்கத்தைப் புரிந்தவர் மாதிரி பார்த்தார்.

"ஆகமொத்தம், இவன் பேசினது அந்தம்மாவுக்கு எட்டல," என்றார்.

"எட்டலைங்க," என்றான் கசிமிரோ.

"அவ்வளவு உயரத்துல இருக்கு."

நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி அறையின் கதவில் அவன் பெயரை ஒட்டினார்கள். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடிதங்களை நீயே தொடர்ந்து எழுது, கசிமிரோ மேற்பார்வை பார்ப்பான் என்றார். அவன் பார்த்தான். என் கடிதங்களில் டாலரேட் என்று இருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, வால் ஒட்டி அனுப்பினான். வெளிநாட்டுக்காரர்கள் என்ன அர்த்தம் என்று கேட்டு மறுபடி எழுதினார்கள். வேலை இரண்டு மடங்கானது. ஆலோசகர் வந்து பார்த்துவிட்டு, வெளிநாட்டுத் தொடர்பு இருமடங்காகிவிட்டது என்று அறிக்கை கொடுத்தார்.

நாலு மாதம் பொறுத்தேன். ஐந்தாவது மாதம் போஜெனாவிடமிருந்து ஒரு கடிதம், என் வீட்டு முகவரிக்கு. மூன்று வரி. எனக்கு உங்கள் கடற்கரையில் ஓர் ஆள் வேண்டும். மீன் பார்க்க, விலை பேச. நீ வருகிறாயா?

நான் ஒரு வரியில் பதில் எழுதினேன்.

அடுத்த பருவம் தொடங்கியபோது ஓயுவேலா கம்பெனிக்கு வாங்க வந்த ஆளாக நான் போனேன். வாசலில் நாத்தி என்னைக் கட்டிப்பிடித்து, உன் நாற்காலி உள்ளே காத்திருக்கிறது, எதிர்ப்பக்கம், என்றாள். மாடியில் கண்ணாடி அறையில் கசிமிரோ, பக்கத்தில் முதலாளி. நான் உட்கார்ந்து எங்கள் மொழியில் வணக்கம் சொன்னேன். கசிமிரோ சங்கடத்தோடு முதலாளியைப் பார்த்தான். ஏற்றுமதிக் கூட்டங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஆலோசகர் விதி எழுதி வைத்திருந்தார். வாங்குபவர் போலந்து நிறுவனம். ஆகவே இது ஏற்றுமதி. விதி விதிதான் என்றார் தோன் லெயாந்த்ரோ.

ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கிய இருவர், மொழி தெரியாத மூன்றாவது ஆளுக்காக ஆங்கிலத்தில் நெத்திலிக்கு விலை பேச ஆரம்பித்தோம். கண்ணாடிக்கு வெளியே கணக்குப்பிள்ளை நின்று பார்த்தார். இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று கீழே செய்தி போனது.

கசிமிரோ இந்தப் பருவம் மீன் குறைவு என்பதை மூன்று வாலோடு சொன்னான். எனக்குப் புரிந்தது. "புரியவில்லை," என்றேன். வேறு தொடரில் சொன்னான். அதுவும் புரிந்தது. புரியவில்லை என்றேன். இனி முடிவு உன் கையில் என்பதற்கு, பந்து உன் பக்கம் இருக்கிறது என்றான். "எந்தப் பந்து?" என்றேன். அவன் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. விலை அதிகம் என்றேன். மீன் சின்னது என்றேன். போன தடவை முன்னூறு பெட்டி, இந்தத் தடவை எத்தனை என்றேன். ஒவ்வொரு முறையும் அவன் கையில் இருந்த தொடர் ஒன்று செலவானது. முதலாளியின் புன்னகை மெல்ல மெல்ல வற்றிக்கொண்டே போனது. ஆங்கிலம் புரியாவிட்டாலும், யார் பின்வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது.

முக்கால் மணி நேரம் இப்படி நடந்தது. கடைசியில் கசிமிரோ இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தான். என்னைப் பார்த்தான்.

"மீன் நல்லது," என்றான் ஆங்கிலத்தில். "விலை நல்லது. என் வேலை ஆபத்து. தயவுசெய்து."

முதலாளி ஆவலோடு தலையை ஆட்டினார். அவன் என்ன சொன்னான் என்று தெரிந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டார்.

எனக்கு அப்போது வெற்றி இனிக்கவில்லை. பத்தொன்பது நாள் பாத்திரம் கழுவிய ஒரு பையனின் முகம் அந்த மடிப்புக் கலையாத சட்டைக்கு மேலே ஒரு கணம் தெரிந்தது. போஜெனா என்னிடம் சொல்லி அனுப்பிய விலைக்கு ஒரு படி மேலேயே அவன் நின்றிருந்தான். இன்னும் இறக்கலாம். நான் இறக்கவில்லை. "ஓகே," என்றேன். கைகொடுத்தேன். அந்தச் சொல்லை முதலாளி அறிந்திருந்தார். எழுந்து கசிமிரோவை அணைத்துக்கொண்டார்.

வெளியே தூறல். கசிமிரோ என்னோடு துறைமுகத்துச் சுவர்வரை நடந்து வந்தான். படகுகள் கட்டிக் கிடந்தன. சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று முறை முயன்றான்.

"உள்ள நான் சொன்னதெல்லாம் உனக்குப் புரிஞ்சுது, இல்ல?" என்றான்.

"எல்லாம் புரிஞ்சுது."

"முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து."

ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

"அந்த அறை உன்னுதுதான்னு எனக்குத் தெரியும் லாலி. அன்னிக்கே தெரியும். ஆனா திருப்பிக் கொடுக்க மாட்டேன்."

"நான் கேக்கலையே."

"கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அதுக்காகத்தான் சொல்றேன்."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. தூறல் வலுத்தது. பியெதாத் காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டு, ஃபைலைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து வார்சாவுக்கு போன் போட்டு விலையைச் சொன்னேன். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலா என்று கேட்டாள் போஜெனா. ஆமாம், கொஞ்சம், என்றேன். ஏன் என்றாள். அதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மீன் பெரியது என்று பொய் சொன்னேன்.